ஒக்டேவியா வாங்கப் போன குகநாதன்

கார் ஓட்டப் பழக்குகிறவருக்குக் கோபம் வரக்கூடாது. குகநாதனுக்கு அது வந்ததே இல்லை. ஜெர்மனியில் பத்து வருடம் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்து, ஹரோவில் வீடெடுத்து, கூரையில் சிவப்பு 'எல்' வைத்த சின்னக் காரில் ஊர்ப்பட்ட சனத்துக்கு ரவுண்டபவுட் சுற்றக் காட்டிக் கொடுத்தவர் அவர். பிரேக் என்று சொன்னால் அக்சிலரேட்டரை மிதிக்கிறவர்களோடு அரை ஆயுளைக் கழித்தவர். அப்படிப்பட்ட மனிதரை ஒரு கைப்பைக் கடை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மகன் லக்‌ஷன் தன்னோடு வேலை செய்யும் மிஹோ என்ற ஜப்பான்காரப் பிள்ளையைக் கட்டப்போகிறேன் என்று சொன்னதில் தொடங்கியது எல்லாம். அவனுடைய தாய் நகுலேஸ்வரி இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பருப்புக் கடைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அவையும் சோறு சாப்பிடுற ஆக்கள்தானே" என்றார். சம்மதம் கிடைத்துவிட்டதென்று தகப்பனும் மகனும் விளங்கிக்கொண்டார்கள்.

தை மாதம் நிச்சயதார்த்தம். மிஹோவுக்குத் தகப்பன் இல்லை. தாய் மிசுனோ சத்தோகோ நகோயாவிலிருந்து வருவதாக இருந்தது. வெறுந்தட்டத்தோடு ஜப்பான் சம்மந்தியின் முன்னால் நிற்க முடியுமா? ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மிஹோவை நகுலேஸ்வரி மெல்லப் பிடித்தார்.

"பிள்ளை, உம்மட அம்மாவுக்கு என்ன விருப்பம்?"

மிஹோ யோசிக்கவே இல்லை. "பை, ஆன்ரி. விட்கொம் அன்ட் ஸ்லேட் கைப்பை."

லக்‌ஷனிடம் பழகிய தமிழ் அதோடு முடிய, பிறகு அவள் ஆங்கிலத்தில் கதையைச் சொன்னாள். தாய் இளம்பெண்ணாக நகோயாவில் ஒரு கந்தோரில் வேலை பார்த்த காலம், யென் உச்சத்தில் இருந்த காலம். நாலைந்து நாள் சுற்றுலாவில் லண்டன் வந்தவர் அரண்மனையைப் பார்க்கவில்லை, பாலத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கடையில் ஒரு பையை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார். அதற்குப் பிறகு போனஸ் வரும் போதெல்லாம் ஒரு பை.

"மழை வந்தால் அம்மா பையைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வார். நான் வெளியே நனைந்து நடப்பேன்" என்றாள் மிஹோ. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் குறை எதுவும் இல்லை. "இப்போது எல்லாவற்றையும் தூசி படாத எங்கோ ஒரு ஸ்டோரேஜில் கொடுத்து வைத்திருக்கிறார். ஒக்டேவியா என்று ஒன்று வந்திருக்கிறது. அதை மட்டும் படத்தில்தான் பார்த்தாராம்."

நகுலேஸ்வரிக்குச் சம்மந்தியின் மேல் அந்த நிமிடமே மரியாதை வந்துவிட்டது. "சாமானைச் சாமானா மதிக்கிற மனுசி" என்றார். தட்டத்தில் ஒக்டேவியா இருக்க வேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது.

"ஒரு பைதானே. சனிக்கிழமை போய் வேண்டிக்கொண்டு வாறன்" என்றார் குகநாதன்.

சனிக்கிழமை கலியாண வீட்டுக்குப் போடுகிற சூட்டைப் போட்டுக்கொண்டு போனார். கடை மேஃபேரில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு வெள்ளைத் தெருவில் இருந்தது. வாசலில் பித்தளைக் கம்பங்களுக்கு நடுவே நாவல் நிறத்தில் தடித்த கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கோட்டோடு நெடிய மனிதர் ஒருவர். உள்ளே வாங்குகிறவர் யாருமில்லை, கண்ணாடியூடாக நன்றாகத் தெரிந்தது. வெளியே நின்றதும் குகநாதன் மட்டும்தான்.

அந்தக் கடைக்காரர்கள் பேசிய ஆங்கிலம் கஞ்சி போட்டு மடித்தது. ஆகவே தமிழிலும் அதை மடிப்புக் கலையாமல்தான் தரவேண்டியிருக்கிறது.

"உள்ளே போகலாமா?" என்று குகநாதன் கேட்டார்.

"தயவுசெய்து வரிசையில் நில்லுங்கள், ஐயா."

குகநாதன் முன்னும் பின்னும் பார்த்தார். "எங்கே வரிசை?"

"இப்போதைக்கு நீங்கள்தான் வரிசை."

நின்றார். தூறத் தொடங்கியது. வாசல்காரர் காதில் இருந்த கருவியில் யாருடனோ கதைத்தார், தலையாட்டினார், இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து, பெரிய கூட்டம் ஒன்றை விலக்குகிற மாதிரிக் கையை அகல வீசிக் கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளே செபஸ்டியன் என்ற இளைஞர் காத்திருந்தார். வெள்ளைக் கையுறை. வெள்ளித் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர். விற்பனையாளர் என்று சொல்லிவிடக்கூடாது, அவர் 'உறவு ஆலோசகர்'.

"இன்று உங்களை எங்களிடம் அழைத்து வந்தது எது?" என்று செபஸ்டியன் கேட்டார்.

"ஜூபிலி லைன் ரயில்" என்றார் குகநாதன். "ஒரு ஒக்டேவியா வாங்க வேண்டும்."

செபஸ்டியன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "அந்தச் சொல்லை நாங்கள் இங்கே பயன்படுத்துவதில்லை."

"ஒக்டேவியாவா?"

"வாங்குவது."

கண்ணாடிப் பெட்டிக்குள் நாவல் நிறத்தில் ஒரு பை இருந்தது. அதன் மேல் தனி விளக்கு. நெஞ்சில் பித்தளைப் பூட்டு. உள்ளே ஒரு தேங்காயும் இரண்டு வாழைப்பழமும் வைக்கலாம், அவ்வளவுதான். குகநாதன் அதைக் காட்டி, "அங்கே ஒன்று இருக்கிறதே" என்றார்.

"இருக்கிறது. ஆனால் கிடைக்காது."

"வேறொன்று எப்போது வரும்?"

"ஒக்டேவியா வருவதில்லை, ஐயா. தோன்றும். இந்த நிறுவனத்தோடு உறவு உள்ளவர்களுக்குத் தோன்றும்."

உறவு என்ற சொல் குகநாதனுக்கு விளங்கியது. சம்மந்தம், நிச்சயதார்த்தம், நகோயா எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார். நகோயா என்றதும் செபஸ்டியன் இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் போட்டார். அது குகநாதனுக்கு இல்லை, கிழக்குத் திசைக்கு. பிறகு, உறவைச் சிறிதாகத் தொடங்கலாமே என்று சொல்லி ஒரு தோல் நாய்ச் சங்கிலியை வெல்வெட் துணியில் வைத்துக் கொண்டுவந்தார். நிறுவனம் முதன்முதலில் செய்த பொருள் அதுதானாம்.

"எங்களிடம் நாய் இல்லை."

"அநேகமாக யாரிடமும் இருப்பதில்லை, ஐயா. நாய் வைத்திருப்பவர்கள் இதை எடுப்பதே இல்லை. நாய் கடித்துவிடும்."

பெட்டிக்குள் துணி, துணிக்குள் சங்கிலி, பெட்டியைச் சுற்றி நாடா, அதற்கொரு கடதாசிப் பை. நகுலேஸ்வரி எல்லாவற்றையும் அவிழ்த்து முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது.

"இதென்னப்பா?"

"நாய்ச் சங்கிலி."

"நாயெங்க?"

"நாயில்லை. உறவு தொடங்கியிருக்கு" என்றார் குகநாதன். சொல்லும்போது தனக்கே அது சரியாகப் படவில்லை.

உறவு வளர்ந்தது. தோலுறை போட்ட முட்டைக் கிண்ணம் ஒன்று வந்தது. குடையின் பிடிக்குப் போடுகிற சட்டை வந்தது. குதிரையின் நெற்றி மயிரைச் சீவும் தூரிகை வந்தது. முட்டைக் கிண்ணத்தில் நகுலேஸ்வரி திருநீறு போட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார். மற்றவற்றுக்கு ஹரோவில் எந்த வேலையும் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் குகநாதன் ஒக்டேவியாவைப் பற்றிக் கேட்பார். செபஸ்டியன் நோயாளியின் உறவினருக்குச் சொல்கிற குரலில், "நம்பிக்கையோடு இருங்கள்" என்பார்.

கார்த்திகையில் ஒரு மாலை, நிறுவனத்தின் 'மரபு மாலை'க்கு அழைப்பு வந்தது. இரண்டு பேர் போகலாம். நகுலேஸ்வரி சோமவார விரதக் களைப்பில் இருந்ததால் மிஹோ கூடப் போனாள். வேலையிலிருந்து நேரே வந்தவளின் தோளில் சூப்பர் மார்க்கெட்டில் காசு கட்டுமிடத்தில் தொங்குகிற துணிப்பை ஒன்று. அதற்குள் கறிக்கு வாங்கிய ஒரு கட்டு லீக்ஸ் பச்சைத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

வாசல்காரர் மிஹோவின் முகத்தைக் கண்டார். வரிசை இல்லை, தூறல் இல்லை. கயிறு தானாகவே அவிழ்ந்தது போல் இருந்தது. செபஸ்டியனும் இன்னும் நாலு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். மிஹோவும் குனிந்தாள். அவள் குனிந்ததால் அவர்கள் இன்னும் கீழே போனார்கள். கடைசியில் குகநாதன்தான் கையைப் பிடித்து அவளை நிமிர்த்தினார்.

நிறுவனத்தின் இயக்குநர் பெனலபி அம்மையார் தாமே இறங்கி வந்தார். வெள்ளி முடி, மெலிந்த உடம்பு. கையில் பை இல்லை, தமது பை வீட்டில் ஓய்வெடுப்பதாகச் சொன்னார். மிஹோவின் துணிப்பையைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார்.

"எந்த நிறுவனம்?"

"சூப்பர் மார்க்கெட்" என்றாள் மிஹோ.

அம்மையார் மெல்லத் தலையசைத்தார். "என்ன துணிச்சல்" என்று செபஸ்டியனிடம் சொன்னார். செபஸ்டியன் லீக்ஸின் பச்சை நிறத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார்.

பிறகு எல்லாரையும் உட்காரவைத்து அம்மையார் பேசினார்.

"எங்கள் முன்னோர் நாய்ச் சங்கிலி தைத்தவர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் விற்றார்கள். அது எங்கள் இருண்ட காலம். பிறகு ஜப்பானியர் வந்தார்கள். பஸ் பஸ்ஸாக வந்தார்கள். எங்கள் கடையில் ஆறு பேர் நிற்கத்தான் இடம், ஆகவே மற்றவர்கள் தெருவில் வரிசையாக நின்றார்கள். மழையிலும் நின்றார்கள். அதைப் பார்த்த பிறகுதான், எங்களிடம் ஏதோ இருக்கிறது என்பது எங்களுக்கே தெரியவந்தது. அவர்கள் பையை வெறுங்கையால் தொடவில்லை, அன்றிலிருந்து நாங்கள் கையுறை போட்டோம். பெட்டி கேட்டார்கள், பெட்டி செய்தோம். பெட்டியை வைக்கப் பை கேட்டார்கள், அதையும் செய்தோம். இன்று எங்கள் கைவினைஞர்களில் பாதிப் பேர் பெட்டிதான் செய்கிறார்கள். இப்போது யென் விழுந்துவிட்டது. அவர்கள் வருவது குறைந்துவிட்டது. ஆனால் வரிசையை நாங்கள் கைவிடவில்லை. நிற்க ஆளில்லாத நாளிலும் எங்கள் வாசலில் வரிசை இருக்கிறது."

எல்லாரும் கையுறைக் கையால் சத்தமில்லாமல் தட்டினார்கள்.

"உங்கட அம்மாவும் அந்த வரிசையில நிண்டிருப்பா" என்றார் குகநாதன், மெதுவாக.

"நின்றாராம். மழையில். அது தன் வாழ்க்கையில் நல்ல நாள் என்று சொல்வார்" என்றாள் மிஹோ. அவள் சிரிக்கவில்லை. அதனால் குகநாதனும் சிரிக்கவில்லை.

மிஹோவைப் பார்த்ததோ, லீக்ஸைப் பார்த்ததோ, மார்கழியில் செபஸ்டியன் தொலைபேசியில் நல்ல செய்தி சொன்னார். ஒக்டேவியா ஒன்று தோன்றக்கூடும். ஆனால் அதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும்.

"ஆற்ற வீட்டை?" என்று நகுலேஸ்வரி கேட்டார்.

"எங்கட வீட்டைத்தான். பை எங்க இருக்கப் போகுதெண்டு பாக்க வேணுமாம்."

"பொம்பிளை குடுக்கிற மாதிரியெல்லோ இருக்கு" என்றார் நகுலேஸ்வரி. ஆனாலும் உளுந்து ஊறப்போட்டார்.

வந்தவர் கோர்டீலியா என்ற மெல்லிய பெண். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் மனம் குளிர்ந்துபோனார். வரவேற்பறையில் ஈரப்பதம் பார்க்கிற கருவி ஒன்றை வைத்துவிட்டு, வீட்டில் புகை பிடிப்பவர்கள் உண்டா, சிறுபிள்ளைகள் உண்டா, பூனை உண்டா, பை வெயிலில் நிற்க நேருமா என்றெல்லாம் கேட்டார். குகநாதனுக்கு ஜெர்மனியில் அகதி விசாரணைக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. அங்கே கேள்விகள் இதைவிடக் குறைவு.

"பை யாரோடு வசிக்கும்?" என்று கோர்டீலியா கேட்டார். "அதாவது, அதன் பக்கத்தில் எந்தப் பொருட்கள் இருக்கும்?"

நகுலேஸ்வரிக்குக் கேள்வியின் சாரம் சட்டென்று பிடிபட்டது. மாடிக்கு அழைத்துப்போய் அலுமாரியைத் திறந்து காட்டினார். மேலிருந்து கீழ்வரை காஞ்சிபுரம் பட்டு. ஒவ்வொன்றும் கடை பொலித்தீனுக்குள், விலை ஒட்டு எடுபடாமல், மடிப்புக்குள் நப்தலீன் உருண்டையோடு.

"இவற்றை எப்போது உடுத்துவீர்கள்?"

"இது கூறைச்சீலை. ஒருநாள் உடுத்தது. இது தங்கச்சியின்ர கலியாணத்துக்கு, ரெண்டு மணித்தியாலம். இதுகள் உடுக்கேல்லை."

"ஏன்?"

"உடுத்தாப் பழசாப் போயிடுமெல்லோ."

குகநாதன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். கோர்டீலியாவின் கண் பனித்தது. இத்தனை வருடச் சேவையில் இப்படி ஒரு வீட்டைத் தாம் பார்த்ததில்லை என்றார். வடையைக் கையில் பிடித்தபடியே கைபேசியில், 'பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ஆழ்ந்த பண்பாடு' என்று குறித்துக்கொண்டார். நகுலேஸ்வரிக்கு அது பாராட்டென்றுதான் பட்டது. பாராட்டுத்தான்.

போகும்போது வாசலில் நின்று, பையைப் பெறப்போகிறவரின் பெயரைக் கேட்டார். குகநாதன் எழுத்துக்கூட்டிச் சொன்னார்: மிசுனோ சத்தோகோ, நகோயா.

ஒரு கிழமை பதிலில்லை. புதுவருடம் பிறந்து, பெனலபி அம்மையாரைச் சந்திக்க வரும்படி அழைத்தார்கள். குகநாதன் அதே சூட்டோடு போனார். மேல்மாடி அறையில், மேசை நடுவே ஒக்டேவியா வெல்வெட் மெத்தையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் செபஸ்டியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"உங்கள் வீட்டைப் பற்றிக் கோர்டீலியா சொன்னார். நாங்கள் நெகிழ்ந்துபோனோம்" என்றார் அம்மையார். "உங்களுக்கு ஒக்டேவியாவைத் தரலாம். ஆனால் அந்தப் பெண்மணிக்கு அல்ல."

"ஏன்?"

"அவர் எங்கள் பைகளை விற்றிருக்கிறார்."

குகநாதனுக்கு விளங்கவில்லை.

"ஒன்றல்ல, எல்லாவற்றையும். ஒரே நாளில், நகோயாவில் பழைய பைகள் விற்கிற ஒரு கடையில். ஒவ்வொரு பைக்குள்ளும் எண் இருக்கிறது, ஆகவே எங்களுக்குத் தெரியவரும். எங்கள் ஆள் போய்ப் பார்த்தார். எல்லாம் பெட்டியோடு, நாடாவோடு, புத்தம் புதிதாக இருந்தனவாம். அதுதான் எங்களை மிகவும் வருத்தியது. பாழாக்கிவிட்டு விற்றிருந்தால் மன்னித்திருப்போம். இவ்வளவு அன்பாக வைத்திருந்தவர் எப்படி விற்றார்?" அம்மையார் ஜன்னலைப் பார்த்தார். "நாங்கள் ஒவ்வொரு வருடமும் விலையை ஏற்றுகிறோம். எதற்காக? வைத்திருப்பவர்கள் பெருமைப்படுவதற்காக. அந்த விலைக்கு விற்றுவிடுவதற்காக அல்ல."

"எப்போது விற்றவர்?" என்று குகநாதன் கேட்டார்.

செபஸ்டியன் ஒரு வருடத்தைச் சொன்னார், புரட்டாதி மாதம் என்றார்.

குகநாதன் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். மிஹோ லண்டனுக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த வருடம் அது, வந்த மாதமும் அது. தகப்பன் இல்லாத பிள்ளை. வெளிநாட்டு மாணவருக்கு இங்கே பீஸ் எவ்வளவென்று பிள்ளை படிப்பித்த எவருக்கும் தெரியும். தூசி படாத ஸ்டோரேஜ் எதுவென்று இப்போது அவருக்கு விளங்கியது. அது மிஹோவுக்குத் தெரியாது என்பதும் விளங்கியது.

அவருக்குக் கோபம் வந்தது. வந்தபோது அது இன்னதென்று முதலில் அவருக்கே தெரியவில்லை. தண்ணீர்த் தாகம் மாதிரித்தான் இருந்தது.

"மேடம், என்னை ஜெர்மனிக்கு அனுப்பியபோது என் அம்மா தன் தாலிக்கொடியை விற்றார்" என்றார். "எங்கள் ஒழுங்கையில் எல்லா அம்மாவும் விற்றார்கள். யாரும் அவர்களை ஒரு கறுப்புப் பட்டியலிலும் போடவில்லை. நல்ல நாளில் போட, கெட்ட நாளில் விற்க. எங்களுக்கு அந்தப் பொருள் அதற்குத்தான்."

அம்மையாரின் முகம் இளகியது போலத்தான் இருந்தது.

"தாலிக்கொடி" என்றார், நாக்கு அந்தச் சொல்லைப் பழக்கப்படுத்திக்கொள்ளும்படி மெதுவாக. "எந்த நிறுவனம் செய்தது?"

"கன்னாதிட்டி." யாழ்ப்பாணத்தில் நகை செய்கிறவர்களின் தெரு அது.

அம்மையார் செபஸ்டியனைத் திரும்பிப் பார்த்தார். "இத்தாலியா?"

குகநாதன் எழுந்தார். ஒக்டேவியாவை உங்கள் மனைவிக்கு மட்டும் என்று கையெழுத்து வைத்துவிட்டு எடுத்துப் போகலாம் என்று செபஸ்டியன் பின்னாலேயே வந்து சொன்னார். கெஞ்சுகிற குரலில் சொன்னார். மூன்று மாதத்தில் அந்தப் பொடியனுக்கும் இவர் மேல் ஒரு பற்று வந்திருந்தது. "வேண்டாம் தம்பி" என்று குகநாதன் தமிழிலேயே சொன்னார். கயிற்றருகில் இரண்டு பேர் மழையில் நின்றார்கள். ஆங்கிலேயத் தம்பதி. வரிசை நகர்கிறதா என்று அவரிடம் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நகுலேஸ்வரி குசினிக் கதிரையில் உட்கார்ந்து கேட்டார்.

"மிஹோவுக்குச் சொன்னனீங்களே?"

"இல்லை. அது தாய் சொல்ல வேண்டியது."

"ஓம். நாங்கள் வாய் திறக்கக்கூடாது." கொஞ்ச நேரம் மேசையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அவ்வளவு ஆசையா வச்சிருந்ததை வித்தவ. பெட்டியோட, நாடாவோட." பிறகு எழுந்து, "நாளைக்குக் கிருஷ்ணராசாவின்ர நகைக் கடைக்குப் போவம். காப்பு எடுப்பம்" என்றார்.

தை பிறந்து, திருமதி மிசுனோ வந்தார். சின்ன உருவம், சாம்பல் நிறக் கோட்டு, கையில் பை இல்லை. கொண்டுவந்தவற்றை ஒரு பூத்துணியில் முடிச்சுப் போட்டு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஹரோ வீட்டின் வாசலில் சப்பாத்தைக் கழற்றியவர், தன்னுடையதை மட்டுமல்லாமல் அங்கே கிடந்த அத்தனை பேருடைய சப்பாத்தையும் சோடி சேர்த்து அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அங்கேயே நகுலேஸ்வரியின் தமக்கைமார் விழுந்துவிட்டார்கள்.

நிச்சயதார்த்தத் தட்டம் மாறியது. நகுலேஸ்வரி சம்மந்தியின் கையைப் பிடித்து, இரண்டு தங்கக் காப்பையும் தானே போட்டுவிட்டார். பிறகு மிஹோவைப் பார்த்தார்.

"பிள்ளை, அம்மாவுக்குச் சொல்லும். நல்லாப் போடச் சொல்லும். எண்டைக்காவது தேவை வந்தா விக்கச் சொல்லும். நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம். அதுக்காகத்தான் தங்கமாக் குடுக்கிறம்."

லக்‌ஷன் ஆங்கிலத்தில் சொல்ல, மிஹோ ஜப்பானிய மொழியில் சொன்னாள். திருமதி மிசுனோ காப்பைப் பார்த்தார், நகுலேஸ்வரியைப் பார்த்தார், அதற்குப் பிறகு குகநாதனை நெடுநேரம் பார்த்தார். மிஹோவிடம் ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு யார் சொன்னது என்று அம்மா கேட்கிறார்" என்றாள் மிஹோ, குழப்பத்தோடு. "எதை என்று எனக்குத் தெரியவில்லை."

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் குகநாதன். "எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இப்பிடித்தான் சொல்லிக் குடுக்கிறது."

அது முழுப் பொய்யுமில்லை. அன்று பின்னேரம் தாயும் மகளும் பின்வளவில் குளிருக்குள் நின்று கதைத்தார்கள். உள்ளே வந்த மிஹோவின் மூக்கு சிவந்திருந்தது. குளிரென்று சொன்னாள். இரவுச் சாப்பாட்டில் தாய்க்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் திருமதி மிசுனோ அந்தக் காப்பு வாங்கிய கடையைப் பார்க்க விரும்பினார். குகநாதன் தாய், மகள், லக்‌ஷன் மூவரையும் காரில் ஏற்றி வெம்பிளிக்குக் கொண்டுபோனார்.

கிருஷ்ணராசாவின் கடைக் கதவு திறந்தே கிடந்தது. ஒரு கிழவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவர் நகை வாங்க வந்தவர் இல்லை, ஹீட்டரின் சூட்டுக்கு வந்தவர். கிருஷ்ணராசா, "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லிப் பால் தேத்தண்ணிக்கு ஆளனுப்பிவிட்டு, ஒரு தட்டுக் காப்பையும் அப்படியே சிவப்புத் துணியில் கொட்டினார். திருமதி மிசுனோ பதறிப்போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொட்டால் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்" என்றாள் மிஹோ.

"சும்மா போட்டுப் பாக்கட்டும், பிள்ளை. பாக்கிறதுக்குத்தானே கொட்டினது."

போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றாக, கொளுக்கியைத் திறந்து மூடி, முத்திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, மறுபடி துணியில் நேராக அடுக்கி வைத்தார். தேத்தண்ணி வந்தது, இரண்டாம் தேத்தண்ணியும் வந்தது. கடைசியில் மகளுக்கென்று மெல்லிய சங்கிலி ஒன்றைத் தெரிந்தெடுத்துவிட்டு, ரொம்பத் தயங்கி, ஒரு கேள்வி கேட்டார். மிஹோ அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரமெடுத்தாள்.

"ஒரு நாள் இதைத் திரும்பக் கொண்டுவந்தால், நீங்கள் வருத்தப்படுவீர்களா என்று கேட்கிறார்."

கிருஷ்ணராசாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. குகநாதனைப் பார்த்தார். பிறகு, "நான் ஏன் அம்மா வருத்தப்பட வேணும்? அண்டைக்கு என்ன விலையோ அந்த விலைக்கு எடுப்பன். வந்து ஒரு தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

லக்‌ஷன் விளக்க, மிஹோ தாய்க்குச் சொன்னாள். திருமதி மிசுனோ எழுந்து நின்று, அந்தக் கடையின் நடுவில், கிருஷ்ணராசாவுக்குத் தலை மேசையில் முட்டுமளவுக்குக் குனிந்தார். பேப்பர் படித்த கிழவரும் எதற்கோ எழும்பி நின்றார்.

சங்கிலிக்குப் பெட்டி உண்டா என்று கேட்டார். இருந்தது. பெட்டிக்குப் பை உண்டா என்று கேட்டார். கிருஷ்ணராசா தேடிப் பார்த்து, ஸிப் வைத்த சின்னப் பொலித்தீன் பை ஒன்றைக் கொடுத்தார். அது போதாதோ என்ற சந்தேகத்தில், சுவரோடு கட்டாகச் சாத்தியிருந்த கலண்டர்களில் ஒன்றை உருவிச் சுருட்டி ரப்பர் பட்டி போட்டு நீட்டினார். மயிலோடு முருகன், கீழே சிவப்பு எழுத்தில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும். திருமதி மிசுனோ அதை இரண்டு கையாலும் வாங்கினார். மழை பெய்துகொண்டிருந்தது. காருக்குப் போகும் வரை கலண்டரைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

மாசியில் மிஹோ தன் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். நகோயா வீட்டின் வரவேற்பறை. வெறுமையான வெள்ளைச் சுவர், நடுவில் முருகன், மேலே அவருக்கென்று தனியாக ஒரு சின்ன விளக்கு. வந்துபோகிற சிநேகிதிகள் எல்லாரும் அது எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்களாம். டோக்கியோவில் கிடைக்குமா என்றும் கேட்கிறார்களாம்.

"அம்மா என்ன சொன்னவ?" என்று நகுலேஸ்வரி கேட்டார்.

"கடையில் விற்பதில்லை, தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள் என்று சொன்னாராம்."

சனிக்கிழமை அந்தப் பக்கம் போன குகநாதன் இதைக் கிருஷ்ணராசாவிடம் சொன்னார். கிருஷ்ணராசா அப்போது, மிஞ்சிப்போன கலண்டர்களை மேசைக்கு அடியில் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு குனிந்து, கட்டை அவிழ்த்து, ஒன்றை வெளியே எடுத்து விரித்து, இதில் அப்படி என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.